வெட்டாத கல்

என் தம்பியின் கல்லறைக்குக் கணக்குப் போட்டது நான்தான். அப்போது ஆறாம் வகுப்பில் இருந்தேன். மீப்பெரு பொதுக் காரணியை வகுத்துக் கண்டுபிடிக்கும் முறையைப் புதிதாகப் படித்திருந்த திமிர் இருந்தது. தம்பி இரண்டாம் வகுப்பு. தாமிரபரணியில் குளிக்கப் போனவனை ஆறு கொண்டுபோய்விட்டது.

அடக்கம் முடிந்து சில வாரங்கள் கழித்து, பாளையங்கோட்டைக் கல்லறைத் தோட்டத்தில் அவனுக்குச் சிறிய மேடை ஒன்று எழும்பியது. மேலே சதுர வெள்ளைக் கற்கள் பதிக்க வேண்டும் என்றார் அப்பா. கொத்தனார் அண்ணாச்சி நாடாவை வைத்து அளந்தார். நீளம் ஐம்பத்து மூன்று அங்குலம், அகலம் இருபத்தொன்பது.

"கடையில கிடைக்கிற கல்லை வாங்கியாங்க சார்வாள். ஓரத்துக்கு வெட்டிப் போட்டுக்கிடலாம்" என்றார்.

"வெட்டுன கல்லு ஒண்ணுகூட வேண்டாம்."

"எல்லாரு கல்லறையிலயும் அப்படித்தான் பதிச்சிருக்கு."

"என் பிள்ளைக்கு வேண்டாம்."

அலுவலகத்தில் நாள் முழுக்க எண்களோடு மல்லுக்கட்டும் அப்பாவுக்கு அன்று கணக்கே ஓடவில்லை. "ஏட்டி, வெட்டாம முழுசாப் பதியுத பெரிய சதுரம் எதுன்னு பாரு" என்று என் பக்கம் திரும்பினார். கொத்தனாரின் பென்சிலை வாங்கி, கிழிந்த சிமெண்ட் பையின் தாளில் எழுதினேன். பெரியதைச் சிறியதால் வகு. மீதி வந்தால், அந்த மீதியால் சிறியதை வகு. மீதி இல்லாமல் போகிறவரை விடாதே. இதுதான் டீச்சர் சொன்ன வழி.

ஐம்பத்து மூன்றை இருபத்தொன்பதால் வகுத்தால் மீதி இருபத்து நான்கு. இருபத்தொன்பதை அந்த இருபத்து நான்கால் வகுத்தால் ஐந்து. இருபத்து நான்கை ஐந்தால் வகுத்தால் நான்கு. ஐந்தை நான்கால் வகுத்தால் ஒன்று. அதற்கு மேல் மீதி இல்லை. "ஓர் அங்குலக் கல் வேணும்ப்பா" என்று பெருமையாக அறிவித்தேன்.

"அந்த அளவுல பல்லைத்தான் பிடுங்கிப் பதிக்கணும்" என்றார் கொத்தனார். சொன்ன பிறகு அவருக்கே சங்கடமாகிவிட்டது. பைய அப்பாவின் பக்கம் வந்து, "பூச்சைக் கொஞ்சம் கனமாக் கொடுத்து, நீளத்துல ஒரு அங்குலம், அகலத்துல ஒரு அங்குலம் ஏத்தித் தாரேன். பாப்பா இன்னொருக்கா போட்டுப் பாக்கட்டும்" என்றார்.

ஐம்பத்து நான்கை முப்பதால் வகுத்தேன், மீதி இருபத்து நான்கு. முப்பதை இருபத்து நான்கால் வகுத்தேன், மீதி ஆறு. இருபத்து நான்கு ஆறால் மீதியில்லாமல் வகுபட்டது. ஆறங்குலக் கல் வண்ணார்பேட்டைக் கடைகளில் அடுக்கிக் கிடந்தது. அப்பா ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, முனை உடைந்ததையெல்லாம் ஒதுக்கினார். கடைக்காரர் முகம் சுளித்தார். எனக்கும் அலுப்பாகத்தான் இருந்தது. செத்துப்போன பையனுக்கு எந்தக் கல்லானால் என்ன என்றுகூடத் தோன்றியது. அப்பாவுக்குக் கணக்கில் பிடிவாதம், கடையில் கறார், அவ்வளவுதான் என்று முடிவு கட்டியிருந்தேன்.

அப்பா இறந்துபோன பிறகுதான் மாமா என்னிடம் சொன்னார். தம்பியை ஆற்றிலிருந்து எடுத்த அன்று பெரியாஸ்பத்திரிப் பிணவறை வாசலில் அப்பா எதிர்ப்பட்டவர்கள் காலையெல்லாம் பிடித்திருக்கிறார், பிள்ளையை வெட்ட வேண்டாம் என்று. ஆற்றில் கிடைத்த உடம்பைச் சும்மா தர முடியாது என்றுவிட்டார்கள். கழுத்திலிருந்து அடிவயிறுவரை அறுத்து, சாக்குத் தைப்பதுபோல் தைத்துக் கொடுத்ததை அப்பாவும் மாமாவும் மட்டும் பார்த்தார்கள். கழுத்துவரை துணி சுற்றிக் கொண்டுவந்ததால் அம்மாவுக்குத் தெரியாது. இன்றும் தெரியாது.

போன வருஷமும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். ஈரத்துணியால் மேடையைத் துடைத்துவிட்டு, உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள்.

"எங்கயும் ஒரு வெட்டுகூட இல்லை, பாத்தியா" என்றாள்.