கருப்புத் தாய்க்குப் பிறந்த பழுப்புக் குட்டிகள்

எண்பதுகளின் தொடக்கத்தில் அரியலூரில் ஒரு கல்லூரியில் விலங்கியல் கற்பித்துக்கொண்டே பகுதிநேர ஆராய்ச்சியும் செய்துவந்தேன். கணவருக்கு ஆலத்தியூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை. ஒரு வீட்டின் பின்பகுதியில் குடியிருந்தோம். முன்பகுதியில் வீட்டுக்கார அக்கா இருந்தார்.

ஆராய்ச்சிக்காக மெட்ராஸிலிருந்து இரண்டு வகைச் சுண்டெலிகளை ரயிலில் கொண்டுவந்தேன். ஒரு வகை முழுக் கருப்பு, மற்றது முழு வெள்ளை. பல தலைமுறைகளாகத் தங்கள் வகைக்குள்ளேயே இனம் பெருக்கியவை. சனி, ஞாயிறு கல்லூரி ஆய்வகத்தைப் பூட்டிவிடுவார்கள் என்பதால் வீட்டுச் சாமான் அறையில் கூண்டுகளை வைத்தேன்.

"ஊரு பூரா எலிக்கு மருந்து வைக்குது. நீங்க என்னடான்னா ரயில்ல ஏத்திக் கூட்டியாந்துருக்கீங்களே, டீச்சரு!" என்றார் அக்கா. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனாலும் ஒரு நிபந்தனை வைத்தார். ஒரு எலி வெளியே வந்தாலும் எல்லாம் காலி.

நாம் தின்னும் பருப்பிலும் மீனிலும் உள்ள புரதம் வயிற்றில் சிறு சிறு துண்டுகளாக உடைகிறது. அந்தத் துண்டுகள்தான் அமினோ அமிலங்கள். அவற்றில் கிளைசின் என்பது இனிக்கும். எந்த வகை எலிக்கு அந்த ருசி பிடிக்கிறது என்று பார்க்க, ஒவ்வொரு கூண்டிலும் இரண்டு பாட்டில்கள் தொங்கவிட்டேன். ஒன்றில் வெறும் தண்ணீர், மற்றதில் கிளைசின் கரைத்த தண்ணீர். காலையில் எதில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அளந்து, பாட்டில்களை இடம் மாற்றி வைப்பேன். நான் ஊரில் இல்லாத நாட்களில் கணவர் அளப்பார். என்னைவிட அவர் கையெழுத்து நன்றாக இருந்தது.

கருப்பு எலிகள் கிளைசின் பாட்டிலை விடவே இல்லை. வெள்ளைக்கு இரண்டும் ஒன்றுதான். பிடித்துக் குடித்ததை உடம்பு எப்படிச் செலவழிக்கிறது என்று பார்க்க, சிறுநீரை வடிதாளில் இட்டுச் சோதித்தேன். மருந்து தெளித்ததும் அமினோ அமிலங்கள் தாளில் ஊதாப் பொட்டுகளாகத் தெரிந்தன. ஆனால் அவற்றை வைத்து உறுதியாக எதுவும் சொல்ல முடியவில்லை. நாக்கின் விஷயம் மட்டும் தெளிவாக இருந்தது.

இந்த ருசி பிள்ளைகளுக்குப் போகுமா என்று அறிய, ஒரு கருப்புப் பெண் எலியையும் வெள்ளை ஆண் எலியையும் ஒரே கூண்டில் விட்டேன். ஆறு குட்டிகள் பிறந்தன. ஒரு வாரத்தில் மயிர் முளைத்தபோது கருப்பும் இல்லை, வெள்ளையும் இல்லை. ஆறும் வீட்டு எலியின் பழுப்பு நிறம்.

அக்கா எட்டிப் பார்த்தார். "நம்மூரு எலி உள்ள பூந்துருச்சு டீச்சரு. வேற என்ன?"

அவர் சொன்னது உண்மையென்றால் அதுவரை எழுதியதெல்லாம் வீண். கணவர் கூண்டை வெளியே தூக்கிவந்து, கம்பி வலையை விரலால் தடவித் தடவிப் பார்த்தார்.

"ஒரு ஓட்டையும் இல்ல. எறும்புதான் வரணும்."

"அக்கா சொல்றது நெஜமா இருந்துட்டா?"

"நெஜமா இல்லையான்னு கண்டுபிடிக்க வழி இருக்கும்ல? நீதான வாத்தியாரு."

அன்று பாடப்புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு காகிதத்தில் கட்டம் போட்டேன். வெள்ளை என்பது ஒரு நிறமே அல்ல, மை ஊறாத தாள் மாதிரி. வெள்ளை அப்பனுக்குள் பழுப்பு நிறம் ஒளிந்திருக்கலாம். கருப்பு அம்மா மையைக் கொடுத்ததும் அது குட்டிகளில் வெளியே வந்திருக்கலாம். அப்படியென்றால் இந்தப் பழுப்புக் குட்டிகள் வளர்ந்து தங்களுக்குள் இணைந்து ஈன்றால், பேரக்குட்டிகளில் சில வெள்ளையாக வர வேண்டும். தெருவெலி அப்பனாக இருந்தால், இரண்டு பக்கமும் வெள்ளை இல்லாததால், வெள்ளை வராது.

காத்திருந்தோம். அதற்குள் பழுப்புக் குட்டிகள் பாட்டிலில் குடிக்கத் தொடங்கின. அம்மாவைப் போலவே கிளைசினைத்தான் தேடிப் போயின. அக்கா ஒரு நாள் அந்தத் தண்ணீரை விரலில் தொட்டு நக்கிப் பார்த்து, "சீனித் தண்ணியாட்டந்தான் இருக்குது. வெள்ளைக்கு ஏன் புடிக்கல? நாக்கு செத்துப்போச்சா?" என்று கேட்டார். என் ஆராய்ச்சியின் கேள்வியே அதுதான் என்றேன். அவருக்குப் பெருமை பிடிபடவில்லை.

பேரக்குட்டிகள் இரண்டு ஈற்றில் வந்தன. பிறந்த அன்றே சில குட்டிகளுக்குத் தோலுக்கடியில் கண் இருக்கும் இடம் கறுக்காமல் இருந்தது. மயிர் முளைத்ததும் அவை பால் வெள்ளையாக நின்றன. நான் போட்ட சத்தத்தில் அக்கா கரண்டியோடு ஓடிவந்தார்.

"வெளியாளு வரல, அக்கா! வெள்ளைதான் அப்பன்!"

"அட, பாவம். சும்மா பழி போட்டுட்டனே," என்றார்.

இன்னும் நல்லது ஒன்று சில வாரம் கழித்து நடந்தது. அந்த வெள்ளைப் பேரக்குட்டிகளில் சில, கருப்புப் பாட்டியைப் போல, கிளைசின் பாட்டிலை மட்டும் காலி செய்தன. நிறம் தனி வழியில், நாக்கு தனி வழியில் வந்திருந்தது. நம்ப முடியாமல் இரண்டு முறை அளந்து, கணவரையும் அளக்கச் சொன்னேன். அதனால் கல்லூரிக்குத் தாமதமாகிவிட்டது. முதல்வர் காரணம் கேட்டார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தமிழ்ப் பேராசிரியர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிங்கம்மா, சந்தோஷமா போயி க்ளாஸ் எடுங்க," என்றார்.