கருப்பட்டிக் காப்பியும் நான் மறைத்த அஸ்காவும்

தொண்ணூறுகளின் நடுவில், எனக்கு ஆறாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது, ஆர்.எஸ்.புரத்து கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா சர்க்கரை ஏறியிருக்கிறது என்றார். இனிப்பை நிறுத்தச் சொன்னார். வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர் ஸ்கூட்டரை வழக்கத்தைவிட மெதுவாக ஓட்டினார்.

அவர் மோட்டார் பம்ப் செய்யும் பட்டறையில் லேத் ஓட்டுபவர். கருப்பட்டி போட்டால் ஒன்றும் செய்யாது என்று அங்கே யாரோ சொல்லியிருக்கிறார்கள். மறுநாளே டவுன்ஹால் பக்கம் ஒரு பாய் கடையில் இரண்டு வட்டு வாங்கி வந்தார். அதுவரை அடுப்புப் பக்கமே வராதவர், விடியற்காலையில் எழுந்து எனக்குக் காப்பி போட்டார். கொதிக்கிற பாலில் கருப்பட்டியைப் போட்டு முதல் நாள் பால் திரிந்துபோயிற்று. பிறகு தனியாகக் கரைத்து, துணியில் மண் போக வடிகட்டி, ஆறவைத்துக் கலக்கக் கற்றுக்கொண்டார்.

“குடி அம்மணி, இது ஒடம்புக்கு நல்லது” என்பார். புகைவாசம் கலந்த அந்தக் காப்பி எனக்குப் பிடித்திருந்தது.

ஆனால் போதவில்லை. பீளமேட்டில் ஒரு மில் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தேன். பதினொரு மணி டீக்காக அலமாரியில் அஸ்கா டப்பா இருக்கும்; வெள்ளைச் சர்க்கரையை எங்கள் பக்கம் அஸ்கா என்போம். யாரும் இல்லாத நேரம் பார்த்து வெறும் வாயில் ஒரு கரண்டி போட்டுக்கொள்வேன். வெள்ளை அஸ்கா நாக்கில் கரைகிற அந்த நொடி, என்னவென்று சொல்வது. ஒன்று மூன்றாயிற்று.

அடுத்த பரிசோதனையில் சர்க்கரை முன்னைவிட அதிகம். அவரே கருப்பட்டிக் காப்பியைப் பற்றி டாக்டரிடம் சொன்னார்.

“அஸ்காவ விடக் கொஞ்சம் மெதுவா ஏறும்னு சொல்லுவாங்க. ஆனா அதுவும் சர்க்கரைதானுங்க. மருந்து மாதிரி நெனச்சுக் குடுக்கக்கூடாது” என்றார் டாக்டரம்மா.

அன்று வீட்டுக்கு வந்ததும் அவர் மிச்சமிருந்த கருப்பட்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டார். “நாந்தான் அம்மணி கெடுத்துப்போட்டேன்” என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. மூன்று நாட்கள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

நான்காம் நாள் சாயங்காலம், அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தபோது சொன்னேன்.

“ஏனுங்க, ஆபீசுல நான் தெனமும் அஸ்கா தின்னுட்டு இருந்தேனுங்க.”

திரும்பிப் பார்த்தார். “எத்தன?”

“மூணு கரண்டிங்க. சில நாள் நாலு.”

திட்டுவார் என்று நினைத்தேன். பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தார். “அத்தன ஆசையாவா இருந்துச்சு கண்ணு?”

அப்போதுதான் அழுதேன். திட்டியிருந்தால் அழுதிருக்க மாட்டேன்.

அந்த வாரமே இருவரும் போய் டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னோம். எழுதிக் கொடுத்தபடி சாப்பிட்டேன். காப்பியை இனிப்பில்லாமல் குடித்தேன். அவரும் அப்படியே குடித்தார்; முதல் வாரம் முழுக்க முகத்தைச் சுளித்துக்கொண்டே. சாயங்காலம் இருவரும் தெருவில் மெல்ல நடப்போம். ஆசை எழும்போது அவரிடமே சொல்லிவிடுவேன். “இப்ப வேணும்போல இருக்குதுங்க” என்றால், “இன்னொரு சுத்துப் போய்ட்டு வரலாம் வா” என்பார். மெல்ல மெல்ல அளவு இறங்கியது.

மகள் பிறந்த அன்று குழந்தையின் குதிகாலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார்கள். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

“சர்க்கரை சரியாத்தான் இருக்குதுங்க” என்றார் நர்ஸ்.

“இன்னொருக்கா சொல்லுங்க சிஸ்டர்” என்றார் அவர், சுவரைப் பார்த்தபடியே.