மாசிப்பத்திரிக்கு வந்த தண்ணீர்

போர் முடிந்து சனங்கள் ஊர் திரும்பிய மீள்குடியேற்றக் காலத்தில் மூலிகை ஆய்வுக்காக எருக்கலம்பிட்டிக்குப் போயிருந்தேன். வேலியில்லாத மணல்வெளியில் நான் தேடிவந்த மாசிப்பத்திரிச் செடி ஒரேயொன்று நின்றது. சந்தோஷத்தில் வேரோடு பிடுங்கினேன். படிப்பில் எங்களுக்குப் பழக்கியபடி குழியை மூடி, தடம் தெரியாமல் மணலைத் தடவிவிட்டேன்.

கொஞ்சத் தூரம் நடந்ததும், எதிரே தண்ணீர்ப் போத்தலோடு வந்தவர் என் கையைப் பார்த்து நின்றுவிட்டார்.

"தங்கச்சி, அது என்ட மகளை அடக்கின இடத்தில நட்டது. தலைமாட்டில மீஸான் கல் இன்னும் வைக்கல்ல. அதுதான் அடையாளம்."

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ நானா, அதே இடத்தில நட்டுவிடுறன்" என்று ஓடினேன். மணல் எங்கும் ஒன்றுபோலக் கிடந்தது. அவ்வளவு நேர்த்தியாக மூடியிருந்தேன்.

அவர் போத்தலைத் திறந்து, எங்கே ஊற்றுவதென்று தெரியாமல் நின்றார்.

அதன்பிறகு பிடுங்கிய எந்தச் செடியின் குழியையும் மூட எனக்கு மனம் வந்ததில்லை.