மெயின் ரோட்டிலேயே நின்ற கார்

போன வாரம் அபிஷேகப்பாக்கத்தில் ஒரு கல்யாணம். சாப்பிட்டுவிட்டு மண்டப வாசலுக்கு வந்தால், தெரிந்த பெரியவர் ஒருவர் என் புதுக் காரையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். நெல், கரும்பு என்று நிறைய நிலம் வைத்திருப்பவர். நான் கிட்டே போனதும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“இன்னா டாக்டரம்மா... அந்தப் பெரிய காரைக் குடுத்துட்டீங்களாமே? ஏதாவது கஷ்டமா?”

சாவு வீட்டில் துக்கம் விசாரிக்கிற அதே குரல்!

“கஷ்டம் வந்து குடுக்கலீங்க. கஷ்டம் போவணும்னுதான் குடுத்தேன்” என்றேன். அவருக்குப் புரியவில்லை.

அவருக்கு மட்டுமா? கார் மாற்றியதிலிருந்து இந்த விசாரணை ஓயவில்லை. கிளினிக்கில் பல் பிடுங்க வந்தவர்கூட, வாயிலிருந்து பஞ்சை எடுத்ததும் முதலில் இதைத்தான் கேட்கிறார். எல்லோருக்கும் சேர்த்து இந்த வாரம் இந்தப் பத்தியிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் வில்லியனூரில் பல் கிளினிக் வைத்திருப்பவள், பிறந்தது பாகூர்ப் பக்கம் ஒரு கிராமத்தின் காலனியில் — பழைய வாசகர்களுக்கு இது தெரியும். கொரோனா அடங்கிய பிறகு ஒரு எலெக்ட்ரிக் செடான் வாங்கினேன். சொகுசுக் கார். கிட்டே போனால் கதவின் கைப்பிடி தானாக வெளியே வரும். உள்ளே டிவி மாதிரி ஸ்க்ரீன். சீட் முதுகைப் பிடித்துவிடும். நாள் முழுக்கக் குனிந்தே நிற்கிற பல் டாக்டருக்கு வேறென்ன சொர்க்கம்?

ஆசைப்பட்டு வாங்கினேன். உழைத்து வாங்கினேன். அதில் எனக்கு இன்றைக்கும் வெட்கம் கிடையாது. என் அப்பாவும் அம்மாவும் கூலிக்கு நாற்று நட்ட வயல்களின் ஓரமாக அந்த வண்டியை ஓட்டிப் போனபோது, கண்ணாடியை இறக்கிவிட்டுத்தான் போனேன். திமிரா? ஆமாம். இருக்கக் கூடாதா?

ஆனால் ஒரு சிக்கல். அந்தக் கார் தரையோடு தரையாகப் போகும். நம் ஊர் வேகத்தடைகளோ, போட்டவர் மனசு போல இருக்கும். ஒவ்வொன்றிலும் வண்டியின் அடிவயிறு உரசும். அந்த அடிவயிற்றில்தான் பேட்டரியே இருக்கிறது. எங்கள் காலனிக்குள் நுழைகிற இடத்தில், வாய்க்கால் மேல் ஒரு சிறு பாலம். முதுகைத் தூக்கிக்கொண்டு நிற்கும். ஏறினால் வண்டி நடுவில் மாட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிடும். முதல் நாளே பார்த்துவிட்டு ரிவர்ஸ் எடுத்துவிட்டேன்.

அதனால் மெயின் ரோட்டில், நிலக்காரர்களின் பெரிய வீடுகள் இருக்கிற வரிசையில் நிறுத்திவிட்டு நடந்து போவேன். அந்த வீட்டுக்காரர்கள் எல்லோரும் என் காரைப் பார்த்தார்கள். தொட்டுப் பார்த்தார்கள். நான் பிறந்த தெருவுக்கு மட்டும் அது ஒரு நாளும் வரவில்லை.

பரவாயில்லை என்றுதான் இருந்தேன்... ஏழுமலை மாமாவுக்குக் கால் போகிற வரைக்கும்.

மாமா என் அக்கா மங்கையின் வீட்டுக்காரர். கரும்பு லாரி ஓட்டியவர். சர்க்கரை வியாதி. கால் விரலில் வந்த புண் மேலே ஏறி, போன வருஷம் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அந்தப் புண்ணும் லேசில் ஆறவில்லை. கட்டு மாற்ற அடிக்கடி பாண்டிக்குப் போய் வர வேண்டும். அதற்கு வழக்கமாக ஓர் ஆட்டோ வரும்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் காலை அந்த ஆட்டோ வரவில்லை. அக்கா போன் செய்தாள். கிளினிக்கைப் பூட்டிவிட்டுக் கிளம்பினேன். வழக்கம்போல மெயின் ரோட்டிலேயே நின்றேன். வேறு வழி?

மழைச் சேற்றில் சக்கர நாற்காலி உருளாது. மாமாவை ஒரு பிளாஸ்டிக் சேரில் உட்காரவைத்து, என் தம்பி அறிவும் பக்கத்து வீட்டுக்காரர்களும் தூக்கி வந்தார்கள். நான் குடை பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன். பாலம் தாண்டி, பெரிய வீடுகளைத் தாண்டி... வாசலில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். மாமா தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தின் மேல் போட்டுக்கொண்டார்.

மழைக்காக என்று நினைத்தேன். மழைக்காக இல்லை.

காரில் ஏற்றியது அதைவிடக் கொடுமை. சீட் அத்தனை தாழ்வு. ஒற்றைக் காலில் மடங்கி உள்ளே இறங்க வேண்டும். தலை கூரையில் இடித்தது. வெட்டுப்பட்ட கால் கதவோரத்தில் பட்டு, ஆள் துடித்துப்போனார். ஆஸ்பத்திரி வாசலில் கிணற்றிலிருந்து தூக்குவது மாதிரி அவரை இழுத்து எடுத்தோம்.

திரும்பி வரும்போது மெதுவாகச் சொன்னார்: “டாக்டரு, கோச்சிக்காத. இனிமே எனுக்கு ஆட்டோவே போதும். மழ வந்தா வூட்லயே இருந்துக்கறேன்.”

கட்டு மாற்றாமல் வீட்டிலேயே இருந்தால் என்ன ஆகும்? மிச்சமிருக்கிற காலையும் அவர் கவனிக்க மாட்டார். எனக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரியும். பின்சீட்டில் அவள் முந்தானையைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அந்த வாரமே மூலக்குளத்தில் ஒரு ஷோரூமுக்குப் போனேன். எலெக்ட்ரிக் கிராஸ்ஓவர் ஒன்றைக் காட்டச் சொன்னேன். குடும்பத்தோடு போகிற, தரையிலிருந்து நன்றாக உயர்ந்து நிற்கிற வண்டி. விற்பனைப் பெண் வெளியே நின்ற என் செடானைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “மேடம், உங்க ரேஞ்சுக்கு இது சரியா வருமா? இதைவிட டாப்ல...”

மாமாவின் சக்கர நாற்காலியைக் கையோடு கொண்டு போயிருந்தேன். மடித்து டிக்கியில் வைத்தேன். சமர்த்தாகப் படுத்துக்கொண்டது. முன்சீட் இடுப்பு உயரம். குனிய வேண்டாம், ஏற வேண்டாம், திரும்பி அப்படியே உட்காரலாம். “என் ரேஞ்ச் இதுதாம்மா” என்றேன்.

ஆனால் வீட்டில் அறிவு குதித்தான்.

“அத விக்காதக்கா! அந்தக் கார் வந்து நிக்கறதாலதான் அந்தத் தெருக்காரங்கோ நம்பள ‘வாங்க’ன்றாங்கோ. அது நம்ப மானம்க்கா. நீ இதுல போய் எறங்கினா, நொடிச்சுட்டாங்கன்னு சிரிப்பாங்கோ.”

அவன் சொன்னதில் பொய் இல்லை. எனக்கே அந்த ருசி தெரியுமே! ஆனாலும் கேட்டேன்.

“மாமா மூஞ்ச மூடிக்கினு போனாரே... அப்ப அந்த மானம் எங்கடா நின்னுக்கினு இருந்தது?”



“மெயின் ரோட்டுல” என்று நானே சொன்னேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பரம்பரையாகப் பணம் உள்ளவர் ஓட்டை ஸ்கூட்டரில் போனால் அதற்குப் பெயர் எளிமை. என்னைப் போன்றவள் கொஞ்சம் எளிய காருக்கு மாறினால் மட்டும் ‘ஏதாவது கஷ்டமா’? ஒரு தடவை மேலே ஏறிவிட்டால், ஏறியதை ஆயுசுக்கும் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்று யார் சட்டம் போட்டது? போட்டவர் யாராக இருந்தாலும் சரி, நான் அதற்குக் கட்டுப்பட மாட்டேன்.

புது வண்டி கைக்கு வந்ததும் நேராகக் காலனிக்கு விட்டேன். பாலத்தின் முன்னால் வேகத்தைக் குறைத்தேன். ஏறியது... இறங்கியது. ஓர் உரசல் இல்லை. அக்கா வீட்டு வாசலிலேயே கொண்டு போய் நிறுத்தினேன்.

“வூட்டாண்டயே வந்துட்டாடா!” என்று அக்கா போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது.

மாமா சக்கர நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு வந்தார். நான் கை கொடுத்தேன். “தள்ளு” என்றார். கதவைப் பிடித்தார், எழுந்தார், திரும்பினார், உட்கார்ந்தார். அவ்வளவுதான். யாரும் தூக்கவில்லை, யாரும் பிடிக்கவில்லை. அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினாள். அவர் கண்ணாடியை இறக்கச் சொல்லி, முழங்கையை வெளியே வைத்துக்கொண்டார்.

பாலம் தாண்டி மெயின் ரோட்டில் திரும்பினோம். பெரிய வீடுகள் வந்ததும் மாமா எட்டி, ஸ்டியரிங்கில் உள்ளங்கையை வைத்து ஒரு ஹாரன் அடித்தார். நீளமாக, லாரிக்காரர் அடிக்கிற மாதிரி.

“ரோடு காலியாத்தானே இருக்குது மாமா? எதுக்கு ஹாரன்?”

“சத்தமே இல்லாம போவுதே டாக்டரு... நாம போறது தெரிய வேணாமா?”

நானும் ஒன்று அடித்தேன்.