மறுபடி டீச்சர்

அந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் அவளுடைய பெயரைச் சொல்லி விசாரித்தால் உதட்டைப் பிதுக்குவார்கள். "மறுபடி டீச்சர் வீடு" என்று கேட்டுப் பாருங்கள், கீழே கார் துடைக்கிறவர்கூட நிமிராமலேயே மூன்றாவது மாடியைக் கைகாட்டுவார். பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு, ஒரு நேரத்தில் ஒரே ஒரு பிள்ளைக்கு மட்டும், தன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஸ்பானிஷ் சொல்லிக்கொடுப்பவள். பிள்ளை ஒரு சொல்லைத் தப்பாகச் சொன்னால் போதும், "மறுபடி" என்பாள். சரியாகச் சொன்னாலும் சில நேரம் "மறுபடி" என்பாள், தற்செயலாகச் சரியாகிவிட்டதோ என்கிற சந்தேகத்தில்.

கல்யாணம் காட்சி என்று ஒன்றும் ஆகவில்லை. காது மந்தமான அப்பாவும் அவளும்தான். அப்பா கூடத்தில் டிவியை அலறவிட்டுப் பார்ப்பார். பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிற பெற்றோர்கள் முதல் நாள் முகத்தைச் சுளிப்பார்கள்.

"சத்தத்தைக் குறைக்கச் சொல்லலாமே டீச்சர்?"

"இருக்கட்டும். காது பழகட்டும்."

இது சமாளிப்பு இல்லை, அவளுடைய பாடமே அதுதான். மேஜைக்கு வருவதற்கு முன் அவள் ஓட்டல் அறைகளுக்கு முன்பதிவு செய்து கொடுக்கும் கால் சென்டர் ஒன்றில் ஸ்பானிஷ் பிரிவில் இருந்தவள். கடல் கடந்து எங்கிருந்தெல்லாமோ கூப்பிட்டு அறை கேட்பார்கள். "விலை ஒத்துவருது, யோசிச்சுச் சொல்றேன்" என்பார் பேசுகிறவர். பின்னாலிருந்து அவர் மனைவி "அநியாய விலை, குறைக்கச் சொல்லுங்க" என்பது லேசாகக் காதில் விழும். அந்தப் பின்குரலைப் பிடிக்கிறவளுக்குத்தான் அறை விற்கும். போனில் பேசுகிறவர் சொல்வது பாதி உபசாரம், பின்னால் கேட்கிற குரல்தான் நிஜம் என்பது அவள் அங்கே கற்ற வேதம். அந்த அலுவலகம் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் மூடப்பட்டபோது அவள் வீட்டுக்குக் கொண்டுவந்த சொத்து அது ஒன்றுதான்.

அதனால் பாடத்தின் கடைசிப் பகுதியில் இரண்டு நாற்காலிகளை முதுகோடு முதுகாகப் போடுவாள். முகத்தைப் பார்த்தால் பாதி அர்த்தம் முகத்திலேயே தெரிந்துவிடும், போனில் முகம் ஏது? பிள்ளை ஒரு பக்கம், இவள் மறுபக்கம் எதிராளியாக. ஆளுக்குத் தகுந்த வேஷம். பந்தாட்டப் பைத்தியத்துக்கு இவள் நடுவர், கேக் செய்யக் கிறுக்குப் பிடித்த பெண்ணுக்கு அடுமனைக்காரி. பேசும்போதே சந்தைச் சத்தத்தையும் சமையலறைச் சண்டையையும் ஓடவிடுவாள். போனைக் கையால் பொத்திக்கொண்டு பேசுவாள். "நான் யாருக்கு என்ன சொன்னேன்? சொல்லு. மறுபடி."

மருந்துக் கடையில் வேலை பார்க்கும் ஒரு அம்மா, பதினாறு வயது மகளைக் கூட்டிக்கொண்டு வந்து அந்த மேஜையில் உட்கார்ந்தாள். எதற்கு ஸ்பானிஷ் என்று கேட்டதற்கு அம்மாதான் பதில் சொன்னாள்.

"இவ அப்பா அந்தப் பாஷை பேசற ஊருக்கு வேலைக்குப் போனவர், அங்கேயே ஒருத்தியக் கட்டிக்கிட்டார். இவ அப்போ கைக்குழந்தை. நம்பர் இருக்கு டீச்சர், நானும் கூப்பிட்டுப் பார்த்துட்டேன். அந்தப் பொம்பளைதான் எடுக்கறா. அவர் பேரைச் சொன்னா, 'உன் மொமெந்தோ'ன்னு என்னமோ சொல்றா. உடனே லைன் கட்டாயிடும். எங்களைப் பேச விடாம பண்றது அவதான்."

மகள் குறுக்கே வந்தாள். "எனக்கு எதுவும் வேண்டாம் மிஸ். அந்தம்மாகிட்ட மரியாதையா பேசி, போனை வாங்கி, ஒரே ஒரு தடவை அப்பா பேசறதைக் கேக்கணும். அவர் குரலே எனக்கு ஞாபகம் இல்ல."

"பேசறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை செருமுவார்" என்றாள் அம்மா. அதைச் சொல்லும்போது அவள் முகம் கனிந்ததைப் பார்க்க டீச்சருக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

'உன் மொமெந்தோ' என்றால் 'ஒரு நிமிஷம் இருங்க' என்று அர்த்தம். இருக்கச் சொன்னவள் ஏன் வைக்க வேண்டும்? பின்குரலைப் பிடிப்பதில் புலி என்று பேர் வாங்கியவள் இந்த இடத்தில் கோட்டை விட்டாள். பெண்ணின் கண்ணைப் பார்த்துக்கொண்டே கேட்டால் காது எப்படி வேலை செய்யும்?

அப்புறம் நடந்ததெல்லாம் உழைப்பு. மற்ற பிள்ளைகளுக்கு அடுமனைக்காரியும் நடுவருமாக இருந்தவள், இவளுக்கு அந்த மனைவி ஆனாள். முதுகோடு முதுகாக உட்கார்ந்து, முதலில் சிடுசிடுப்பாள், பிறகு கொஞ்சம் இளகுவாள், கடைசியில் "இதோ கொடுக்கிறேன்" என்பாள். எப்போதும் அந்த வரியோடு பாடம் முடிந்துவிடும். அதற்கப்புறம் அப்பா பேச வேண்டுமே, அதை நடிக்க டீச்சருக்கு வாய் வரவில்லை. அப்பா குரலுக்கு என்னத்துக்கு ஒத்திகை, அது தானாக வரும் என்று நினைத்தாள். பெண் ராப்பகலாகப் படித்தாள். இரைச்சலுக்கு நடுவே கிசுகிசுத்தாலும் பிடித்தாள். பொத்திய போனுக்குள்ளிருந்து அரைகுறையாக வருகிற பேச்சையும் பிட்டுப் பிட்டு வைத்தாள். "பாம்புச் செவி உனக்கு" என்று டீச்சர் பூரித்துப் போனாள். அத்தனை வருடப் பிழைப்பில் இப்படி ஒரு பிள்ளை வாய்த்ததில்லை.

கூடத்துச் சோபாவில் காத்திருக்கும் அம்மாவுக்கு ஸ்பானிஷ் ஒரு எழுத்தும் தெரியாது. ஆனாலும் மகள் சொல்வதை டீச்சர் "மறுபடி" என்று திருப்பி அனுப்பும்போதெல்லாம் சிரிப்பாள். ஒருநாள் நெடுநேரம் மறுபடியே வராமல் போனபோது, "என்ன டீச்சர், தூங்கிட்டீங்களா?" என்று எட்டிப் பார்த்தாள்.

கூப்பிடுவதற்கு ஒரு விடுமுறை நாள் மதியத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே அது காலை, வீட்டில் எல்லோரும் இருப்பார்கள். விஷயம் தெரிந்த டீச்சரின் அப்பா டிவியை அணைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அந்த வீட்டில் அப்படி ஒரு அமைதி இருந்ததே இல்லை. போன் மேஜை மேல், ஸ்பீக்கரில். நாற்காலிகள் பழக்கதோஷத்தில் முதுகோடு முதுகாகத்தான் கிடந்தன.

அந்த மனைவிதான் எடுத்தாள். பெண் வணக்கம் சொல்லி, தான் யார் என்று சொல்லி, தொந்தரவுக்கு மன்னிப்புக் கேட்டு, அப்பாவிடம் ஒரு நிமிடம் பேச முடியுமா என்று கேட்டாள். ஒரு சொல் பிசகவில்லை.

"நீயா? இவ்வளவு அழகா பேசுறியே கண்ணு! இரு, இதோ கூப்பிடறேன்" என்றாள் அந்த மனைவி ஸ்பானிஷில். சிடுசிடுப்பும் இல்லை, மண்ணும் இல்லை. டீச்சர் இத்தனை நாள் நடித்த பெண்மணிக்கும் இவளுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

போனைக் கையால் பொத்திக்கொண்டாள் போலிருக்கிறது, சத்தம் அமுங்கியது. அதற்குள்ளிருந்து இரண்டு செருமல் கேட்டது.

சோபாவிலிருந்து அம்மா எழுந்து நின்றுவிட்டாள்.

"இல்லைன்னு சொல்லி வெச்சிடு. வழக்கமா பண்றதுதானே" என்றார் அவர், ஸ்பானிஷில், நிதானமாக.

"உங்க பொண்ணு. நம்ம பாஷையில பேசறா. ஒரு வார்த்தை பேசுங்களேன்."

"எனக்கு இங்க இருக்கற பிள்ளைங்க போதும். அவ யாரோ, நான் யாரோ. எத்தனை தடவை சொல்றது?"

டீச்சரின் முதுகுக்குப் பின்னால் நாற்காலி அசையவே இல்லை. புரியாமல் போயிருக்கட்டும், கடவுளே, இந்த ஒரு தடவை இந்தப் பெண்ணுக்குப் புரியாமல் போகட்டும் என்று அவள் வேண்டிக்கொண்டாள். தான் சொல்லிக்கொடுத்த அத்தனையும் பாழாய்ப் போகட்டும் என்று ஒரு டீச்சர் வேண்டிக்கொண்டது அன்றைக்குத்தான் இருக்கும்.

அந்த மனைவி திரும்பி வந்தாள். குரல் தழுதழுத்தது. "அவர் வெளிய போயிருக்காரு கண்ணு."

"பரவாயில்லைங்க. ரொம்ப நன்றி. உங்களுக்கு இந்த நாள் நல்லபடியா இருக்கட்டும்" என்றாள் பெண். கால் சென்டரில் ஒவ்வொரு அழைப்பையும் முடிக்கிற வரி அது. டீச்சர்தான் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

அம்மா ஓடிவந்தாள். "செருமினாரே! அவர்தானே அது? எனக்குத் தெரியாதா அந்தச் செருமல்? என்னடி சொன்னார்? சொல்லேன்டி!"

பெண் எழுந்து நின்றாள். கண் வற்றிப்போய்க் கிடந்தது.

"அப்பாதாம்மா. அவசரமா வேலைக்குக் கிளம்பிட்டிருந்தாராம். நான் அவங்க பாஷையில பேசறேன்னதும் ஆச்சரியப்பட்டார். நல்லா படிக்கச் சொல்லுன்னார். நேரம் கிடைக்கறப்போ அவரே கூப்பிடுவாராம்."

அம்மா டீச்சரைத் திரும்பிப் பார்த்தாள். எத்தனையோ மாதமாகச் சோபாவில் உட்கார்ந்து கேட்டவள் ஆயிற்றே, மகள் சொன்னது சரியா தப்பா என்பதற்கு யாரிடம் போக வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். "சரியா சொன்னாளா டீச்சர்?"

பெண் டீச்சரைப் பார்க்கவில்லை. மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரியா சொன்னா" என்றாள் மறுபடி டீச்சர்.

அம்மா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள், சந்தோஷத்தில். "பாவி நான், இத்தனை வருஷமா அந்தப் பொம்பளையப் போட்டுத் திட்டினேனே! கண்ணுன்னு கூப்பிட்டாளாம்மா உன்னை? குரல்லயே தெரிஞ்சுது. டீச்சர், எனக்கு ஒரே ஒரு வார்த்தை சொல்லிக் குடுங்க. அவர் கூப்பிடறப்போ முதல்ல அவ எடுத்தா நன்றி சொல்லணும்."

"கிராசியாஸ்" என்றாள் டீச்சர்.

"கிராஸியா."

டீச்சர் வாயைத் திறந்தாள். அந்தப் பாழாய்ப்போன சொல் வரவில்லை.

"மறுபடி சொல்லும்மா" என்றாள் பெண். "கடைசியில ஸ் வரணும்."

கிளம்பும்போது அம்மா முதலில் இறங்கினாள். பெண் செருப்பு மாட்டுகிற சாக்கில் பின்தங்கினாள். டீச்சர் அவள் தலையில் கை வைக்கப் போனாள், தைரியம் வரவில்லை. அந்த வீட்டில் நுழைந்த நாளிலிருந்து அந்தப் பெண் ஒருமுறைகூடக் கெஞ்சியதில்லை. இப்போது நிமிர்ந்து, கெஞ்சுகிற மாதிரி கேட்டாள்.

"நான் தப்பா கேட்டுட்டேனா மிஸ்? போன் பொத்தியிருந்தது. ஏதாவது மாத்திப் புரிஞ்சுக்கிட்டேனா?"

தப்பு என்று சொல்ல டீச்சர் தன் ஆயுளில் பாதியைக் கொடுத்திருப்பாள். பிள்ளைகள் சரியாகச் சொன்னபோதுகூடத் தப்போ என்று சந்தேகப்பட்டவள், இன்றைக்குச் சந்தேகப்பட ஒன்றும் கிடைக்காமல் நின்றாள். இவளிடம் பொய் செல்லாது. பொய்யைப் பின்குரலில் கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான்.

"இல்லம்மா. சரியாத்தான் கேட்டே."

பெண் தலையை ஆட்டினாள். "தேங்க்ஸ் மிஸ்" என்று சொல்லிவிட்டுக் கீழே ஓடினாள். படி வளைவில் அவள் அம்மா, "கிராசியாஸ், கிராசியாஸ்" என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தபடி இறங்கிக்கொண்டிருந்தாள்.