லினக்ஸும் தங்கச்சியின் கலியாணமும்

சண்டை ஓய்ந்து மன்னார்ப் பள்ளிமுனைக்குத் திரும்பி வந்த எங்களுக்கு ஒரு வெளிநாட்டு உதவி நிறுவனம் பழைய மடிக்கணினிகளைத் தந்தது. தங்கள் நாட்டில் எவரும் சீந்தாத சாமானைத் துடைத்து, மேலே ஒரு ஸ்டிக்கரும் ஒட்டி, எங்கள் கையில் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். அதற்குள் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் இருந்தது. பயிற்சி கொடுக்கக் கொழும்பிலிருந்து வந்த இளைஞர், "இது இலவசம், உங்களைப் போன்றவர்களுக்கு ஏற்றது" என்றார். எங்களைப் போன்றவர்கள் யார் என்று அவர் விளக்கவில்லை. மதியச் சாப்பாடு முடிந்ததும், ஏதாவது சிக்கல் வந்தால் இணையத்தில் தேடிப் பார்க்கச் சொல்லிவிட்டு வாகனத்தில் ஏறிவிட்டார்.

எனக்கு வந்த சிக்கலே இணையம் இல்லை என்பதுதான்.

அந்தக் கணினியோடு நான் மல்லுக்கட்டியதற்கு ஒரே காரணம் தங்கச்சி. சண்டைக் காலத்தில் சிறுபிள்ளையாகப் பெரியம்மாவோடு வள்ளத்தில் ஏறி அக்கரைக்குப் போனவள். தமிழ்நாட்டு அகதி முகாம் ஒன்றில் வளர்ந்தாள். அங்கேயே கலியாணம் பேசி நாளும் குறித்தாயிற்று. நாங்கள் போவதற்குப் பாஸ்போர்ட்டும் இல்லை, வழியும் இல்லை. அம்மா அவளுடைய குரலைத் தொலைபேசியில் கேட்டிருந்தார். போன பிறகு முகத்தைக் கண்டதில்லை. வீட்டில் இருந்ததெல்லாம் அவள் சிறுமியாகப் புதுநன்மை, அதாவது கோயிலில் முதல் நற்கருணை, வாங்கியபோது எடுத்து அனுப்பிய ஒரு படம். மாப்பிள்ளையின் தம்பியிடம் கமெரா உள்ள கணினி இருந்தது. கலியாணத்தன்று காலை அதில் அழைப்பதாகச் சொல்லியிருந்தான்.

"அவள் கோயிலுக்கு வெளிக்கிட முதல் ஒருக்கா பிள்ளையைப் பாத்துப்போடவேணும்" என்றார் அம்மா. வேறு எதையும் அவர் என்னிடம் கேட்டதில்லை.

ஊரில் இணையம் இல்லாமலும் இல்லை. அதே நிறுவனம் எங்கள் பொது மண்டபத்துக்குத் தொலைபேசி இணைப்பும், கம்பியில்லாமல் இணையத்தைப் பரப்பும் ரவுட்டர் பெட்டி ஒன்றும் கொடுத்திருந்தது. மண்டபத்தில் இருந்து எவரும் பாவிக்கலாம் என்று சுவரில் பெரிதாக ஒட்டியிருந்தார்கள். என் கணினியோ அப்படி ஒன்று உலகத்திலேயே இல்லை என்று சாதித்தது.

தெருவெல்லாம் திரியும் கழுதைகளை விலக்கிக்கொண்டு சைக்கிளில் மன்னார் நெட் கஃபேக்குப் போய்த் தேடினேன். லினக்ஸ் பண்டிதர்கள் கூடும் தளங்களில் என்னைப் போலவே பலர் அழுதிருந்தார்கள். கேட்பதற்கு முன் வாசித்துப் பார் என்று ஒரு பண்டிதர் எரிந்து விழுந்திருந்தார். இன்னொருவர் தன் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று எழுதிவிட்டு, எப்படித் தீர்ந்தது என்று சொல்லாமலே போயிருந்தார். அந்த மனிதர்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம். கடைசியில் ஒரு புண்ணியவான், கணினிக்குள் இருக்கும் வைஃபை அட்டைக்கு ட்ரைவர் என்ற சிறு நிரல் வேண்டும், ரவுட்டரில் கம்பியால் இணைத்து அதை இறக்கிக்கொள் என்று எழுதியிருந்தார்.

மண்டபத்துச் சாமான்களுக்குப் பொறுப்பு எங்கள் ஊர்ச் சங்கத் தலைவர். அவரிடம் போய்க் கேட்டேன்.

"கம்பியில்லாமல் வேலை செய்யிற சாமானுக்கு என்னத்துக்குத் தம்பி கம்பி?" என்றார். அதற்குமேல் அவரோடு கதைப்பது வீண்.

ஆகவே பென் ட்ரைவைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். கஃபேயில் ட்ரைவரை இறக்கி வீட்டுக்குக் கொண்டுவந்தால், அது வேலை செய்ய இன்னொரு நிரல் வேண்டும் என்றது. அதைக் கொண்டுவந்தால், அதற்கு வேறொன்று வேண்டுமாம். கட்டளைகள் தட்டும் கறுப்புத் திரையில் கடவுச்சொல்லைத் தட்டினால் ஒரு எழுத்தும் தெரியவில்லை. விசைப்பலகை செத்துவிட்டதென்று நம்பி ஒரு பின்னேரத்தை வீணாக்கினேன். தட்டும்போது காட்டாமல் இருப்பதுதான் அதன் வழக்கமாம். சொல்லித் தொலைக்க என்ன கேடு?

ஒருவழியாக ட்ரைவர் உயிர் பெற்றது. கஃபேக்குக் கணினியைக் கொண்டுபோனபோது அங்கிருந்த வைஃபையின் பெயரைக் காட்டியது. ஆட்கள் இருக்கிறார்கள் என்றும் பாராமல் சிரித்தேன். ஆனால் கலியாணப் பூசை விடியக் காலமை. கஃபே கதவு திறக்கும்போது அங்கே தாலி கட்டி முடிந்திருக்கும். மண்டபத்தை விட்டால் வேறு இடமில்லை.

கலியாணத்தன்று விடியுமுன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு மண்டபத்துக்குப் போனேன். அம்மா கோயிலுக்குக் கட்டும் சேலையைக் கட்டியிருந்தார். கணினியைத் திறந்தேன். ஒரு பெயரும் இல்லை. தலைவரைக் கூப்பிட்டு, ரவுட்டர் எங்கே என்று கேட்டேன்.

"பத்திரமா இருக்கு. இரும்பு அலுமாரிக்குள்ள" என்றார் பெருமையாக.

பக்கத்து அறையில் அதைக் காட்டினார். அலுமாரியின் முதுகில் ஓட்டை போட்டுத் தொலைபேசிக் கம்பியையும் மின்சாரக் கம்பியையும் உள்ளே விட்டிருந்தார். எங்கள் ஊரில் நிறுவனங்கள் தந்த எதையும் பாவிப்பதில்லை, பூட்டி வைப்போம். கதிரைகளில் பொலித்தீன் கிழிபடவில்லை. தையல் மெஷினில் ஒரு துணியும் தைபடவில்லை. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து ஊசி நூல்வரை பறிகொடுத்த சனம்தான், தெரியும். ஆனாலும் ரவுட்டரை இரும்புக்குள் பூட்டிவிட்டு இணையம் வரும் என்று காத்திருந்த அந்த மூளையை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

"இரும்புக்குள்ளால அது வராது அண்ணை. திறவுங்கோ."

"நிறுவனக்காரர் பாக்க வருவினம் தம்பி. தந்த மாதிரியே இருக்கவேணும்."

அம்மா கதிரையிலிருந்து எழுந்து வந்தார். "தலைவர், களவு போனால் என்னைப் பிடியுங்கோ. இப்ப திறவுங்கோ."

தலைவர் மடியிலிருந்து திறப்பை எடுத்துப் பூட்டில் போட்டார். அலுமாரி திறந்த கையோடு கணினியில் பெயர் வந்தது. நான் பட்ட பாட்டுக்கெல்லாம் அந்தக் கதவுதான் குறுக்கே நின்றிருக்கிறது. வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பேன். அதற்குள் அழைப்பு வந்துவிட்டது.

திரையில் ஒரு சின்ன அறை. தலை முழுகிவிட்டு ஈரக் கூந்தலோடு, கலியாணச் சேலை இன்னும் கட்டாமல், ஒரே வயது மூன்று பெண்கள் நெருக்கியடித்துக்கொண்டு பார்த்தார்கள். மூவரும் சிரித்தார்கள். படம் அப்படியே உறைந்து நின்றது. குரல் மட்டும் வந்தது.

"அம்மா, என்னைத் தெரியுதோ?"

"ஓம் பிள்ளை, வடிவாத் தெரியுது" என்றார் அம்மா. ஒரு முகத்தின்மேல் விரலை வைத்தார், எடுத்தார். அடுத்த முகத்தில் வைத்தார். பிறகு அங்கே கேட்காதபடி என் காதருகே குனிந்தார்.

"மகன், இதில எது எங்கட பிள்ளை?"

எனக்கும் தெரியவில்லை.