மருந்து சலிப்பதற்கு முன்

டாலஸில் க்ரீன் கார்டு வந்ததும் என் கணவருக்குத் துப்பாக்கி சுடும் பழக்கம் தொற்றிக்கொண்டது. கராஜில் உட்கார்ந்து, தோட்டாவில் நிரப்புவதற்காகத் தூசி படிந்த வெடிமருந்தைச் சலித்துக்கொண்டிருந்தார்.

"கிட்ட வரதுன்னா வளையலைக் கழட்டிடு. ஸ்பார்க் வந்துடும்."

கந்தக வாசனை அடித்தது.

ஊரில் அப்பா காட்டுப்பன்றி விரட்டத் துப்பாக்கி வைத்திருந்தார். மருந்து சலிப்பது அம்மாதான். வளையல், மெட்டி, தாலிச்சங்கிலி எல்லாவற்றையும் கழற்றிச் சாமி படத்தின் முன் வைப்பாள். கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் கட்டிக்கொண்டு, மல்துணியில் சலிப்பாள்.

அப்பா இறந்த மூன்றாம் மாதம், மிச்ச மருந்தைச் சலித்துத் தரும்படி சித்தப்பா கேட்டார். அம்மா துணியை எடுத்துக்கொண்டு நேராக வந்து உட்கார்ந்தாள். கழற்றுவதற்கு எதுவும் இல்லை.

"கழட்டிட்டியா?" என்று கணவர் கேட்டார்.

"இல்லைங்க. நான் உள்ள போயிடறேன்."